அடித்துவிட்ட நாற்பத்தேழாம் எண்

இன்று சாமி அலமாரியைத் துடைக்கும்போது திருநீற்றுச் சம்புடத்தின் அடியில் அந்தத் தகர டோக்கன் அகப்பட்டது. 47. கொடுமுடி கோயில் வாசலில் செருப்பு விடும் கடையுடையது. நீ போய்ச் சேர்ந்து மூன்று ஆடி கடந்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் மாடி அறைக்குத் தனிப்பெண்ணாகக் குடிவந்தாய். இரண்டு கம்ப்யூட்டர், நடுவே ஒரு ஒயர். ஒன்று கேட்கும், மற்றது கொடுக்கும், கொடுப்பதற்குப் பேர் சர்வர் என்றாய். கேட்பவர் யாரென்று சரிபார்க்கும் பகுதியைத்தான் நீ எழுதிக்கொண்டிருந்தாய். பெயரும் பாஸ்வேர்டும் ஒரு தடவை சரியாக இருந்தால் சர்வர் ஒரு நீண்ட எண்ணைத் தரும். அப்புறம் அந்த டோக்கனைக் காட்டினாலே போதும். எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் படித்த நான், நீ தட்டியதையும் வந்த பதிலையும் வரி விடாமல் நோட்டில் எழுதுவேன். "அக்கா நோட்டுல இல்லாதது நடக்கவே இல்லீங்க" என்பாய்.

ஒரு மில்லுக்காரர் அதைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர் வேண்டாமென்றால் அறையைக் காலி செய்துவிட்டுப் பல்லடத்தில் அண்ணன் வீட்டோடு இருந்துவிடுவதாக வீட்டாரிடம் ஒப்புக்கொண்டிருந்தாய். வேண்டிக்கொள்ள உன்னைக் கொடுமுடிக்கு இழுத்துப்போனேன். காவிரியில் முழுகி, சாமி கும்பிட்டுத் திரும்பினால், இருவர் செருப்புக்கும் வாங்கிய ஒரே டோக்கனைக் காணோம்.

"ஏனுங்க, எங்க மூஞ்சி ஞாபகமில்லீங்களா?" என்றேன் கடைக்காரரிடம்.

"மூஞ்சியப் பாத்துக் குடுத்தா கடைய மூடோணுமுங்க அம்மணி. டோக்கன் கொண்டாறவங்களுக்குத்தானுங்க செருப்பு."

"கீழ கெடந்து எடுத்தவன் கொண்டாந்தா?" என்று நீ கேட்டாய். செருப்புக்காகக் கேட்கவில்லை என்பது உன் முகத்திலேயே தெரிந்தது.

அவர் சிலேட்டில் 47 என்று எழுதிக் குறுக்கே கோடு போட்டார். "அடிச்சுபோட்டேனுங்க. இனி அதக் கொண்டாறவன் வெறுங்காலோட போவான். நீங்க செருப்போட அடையாளத்தச் சொல்லுங்க."

"வாரு பிஞ்சு ஊக்கு குத்துனது" என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். உன் செருப்பின் அடையாளத்தையும் நானே சொல்லி இரண்டு ஜோடியையும் வாங்கினேன்.

பஸ்ஸில் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே டோக்கன். நானே சேர்த்து மடித்திருக்கிறேன்! "திருப்பிக் குடுக்கோணும் கண்ணு" என்று பதறினேன். "செத்த டோக்கனுங்க அக்கா. வெச்சுக்குங்க" என்றாய். பிறகு மெதுவாக, "நம்ம கம்ப்யூட்டருல இப்படிக் கோடு போடச் சிலேட்டு இல்லியே" என்றாய். அடுத்த முறை கொண்டுபோனபோது கடைக்காரரும் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

மில்லுக்காரர் வந்த அன்று, உன் டோக்கன் எண்ணையே எழுதி அவர் கையில் கொடுத்தாய். "இத வெச்சு நானாட்ட உள்ள போங்க பாக்கலாம்." தட்டினார், சர்வர் விட்டுவிட்டது. குறையை நீயே காட்டுகிறாயே என்று நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். நீ ஒரு வரி தட்டி அந்த எண்ணுக்குக் குறுக்கே கோடு போட்டாய். "இப்பப் போங்க." போக முடியவில்லை.

"திருட்டே போகாதுன்னு சொல்ல மாட்டேனுங்க. போனா அடிச்சுபோடலாம்."

"இத எங்க படிச்சீங்க?"

"கொடுமுடி செருப்புக் கடையிலீங்க. டோக்கனத் தொலைச்சது இந்த அக்கா."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மில்லுக்கு எப்போது கொண்டுவந்து போடுவீர்கள் என்றார். மாடி அறை காலியாகவில்லை. கெட்டிக்காரர்கள் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். வாழ்வா சாவா என்கிற நாளில் தன் குறையைத் தானே முன்னால் எடுத்து வைத்தவள் நீ ஒருத்திதான். இன்றும் யாரிடம் எதைக் கொடுத்தாலும், இதில் இது குறை என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

டோக்கனைத் துடைத்து அதே இடத்தில் வைத்தேன். இதைக் காட்டினால் எந்தக் கடையிலும் எதுவும் தரமாட்டார்கள். உன் அடையாளத்தை யாராவது கேட்டால் மட்டும் டோக்கன் இல்லாமலே சொல்வேன் கண்ணு: நீல வார், இடது குதிகால் தேய்ந்தது.