சொதிக்குள் முதற்பால்

2024 ஜனவரி 16
எனக்கு எழுத்து வராது. மகன் டெனிஸ்ரன் பிரான்சிலிருந்து அனுப்பிய போன், நான் சொல்லச் சொல்ல எழுதும்.
இன்று மனைவி ஜசிந்தாவுக்குக் கிளினிக். எண்பத்தெட்டுக் கிலோ. ஏப்ரலில் யாழ்ப்பாணத்தில் முழங்கால் ஒப்பரேஷன். அதற்குள் எண்பதுக்கு இறங்கவேண்டும்.
"மருந்தொண்டும் இல்லையம்மா. சாப்பிடுறதை எண்ணுங்கோ. ஒரு நாளைக்கு ஆயிரத்து முந்நூறு கலோரி" என்றாள் கிளினிக் தாதி கம்சிகா மிஸ்ஸி. இடியப்பம் ஒன்று ஐம்பது, கோப்பைச் சோறு இருநூறு. ஒருமுறைதான் வாசித்தாள். முழுப்பட்டியலும் எனக்கு மனப்பாடம்.
ஜசிந்தாவுக்கு நிற்க ஏலாது, சமைப்பது நான். போட்டதை நான் சொல்ல, அவள் கொப்பியில் எழுதிக் கூட்டுவாள்.

ஜனவரி 19
"காணாமல் போனதை அந்தோனியார் எடுத்துத் தருவார். இந்த எட்டுக் கிலோ காணாமல் போகவேணும். ஆரிட்டக் கேக்கிறது?" என்று சிரிக்கிறாள்.

ஜனவரி 24
அவளுடைய வயிறு இரைந்தது. பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது.
தொண்ணூறாம் ஆண்டு, நெடுந்தீவுக்குப் படகு வராத பதினேழு நாள். பிள்ளைகளுக்குக் கஞ்சியை வார்த்துவிட்டு, இவள் சட்டியைக் கழுவிக் குடித்தவள். பதினோராம் நாள் கண்டேன். காணாதவன்போல வலையைத் தைத்துக்கொண்டிருந்தேன்.
இன்று சொதிக்குத் தேங்காயின் கெட்டியான முதற்பால் விட்டேன். தண்ணிப்பால் என்று சொன்னேன். எழுதினாள்.

பெப்ரவரி 13
அதே எண்பத்தெட்டு. மிஸ்ஸி கொப்பியைப் புரட்டினாள். "கணக்குச் சரியாத்தானே இருக்கு. மறைச்சு ஏதும் சாப்பிடுறியளோ?"
"மாதா சத்தியமா இல்லைப் பிள்ளை."
நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெப்ரவரி 20
இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். தவக்காலமாம். மத்தியானக் குழம்பில் இன்னும் கொஞ்சம் பால் கூட்டினேன்.

மார்ச் 19
எண்பத்தேழரை. ஒப்பரேஷன் திகதி போய்விட்டது, அவளுடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.
வரும்வழியில் ஆட்டோவுக்குள் அழுதாள். "இந்த உடம்புக்கு ஆண்டவர் என்ன குறையை வச்சவர்?"
ஏன் வாயைத் திறக்கேல்லை நான்? பக்கத்திலதானே இருந்தனான். கடல்ல எத்தினை புயலுக்கு நிண்டனான் — இதுக்குப் பயமோ?

மார்ச் 29, பெரிய வெள்ளி
சொல்லிவிட்டேன். "இஞ்சேர், முதற்பால் விட்டது நான். நீர் பசி கிடக்கிறதைப் பாக்க ஏலாமல்." சட்டி கழுவிக் குடித்த அந்த நாளையும் சொன்னேன்.
"அப்ப கண்டனீங்கள். அப்பவும் வாய் திறக்கேல்லை."
பிறகு கொப்பியை எடுத்தாள். "எந்தெந்த நாள்? எவ்வளவு?"
ஐம்பத்தொரு நாள். ஜனவரி இருபத்துநாலு, அரைத் தேங்காய். இருபத்தாறு, அரை. இருபத்தேழு, கால். ஒரு நாளும் எனக்கு மறக்கவில்லை. ஒன்றிரண்டாவது மறந்திருக்கக் கூடாதா. அவள் பழைய இலக்கங்களை வெட்டி வெட்டி எழுதிக்கொண்டே போனாள்.

ஏப்ரல் 2
சமைக்கக் குசினிக்குள் என்னை விடவில்லை.

யூன் 11
எண்பத்துமூன்று. மிஸ்ஸி கைதட்டினாள். புதிய திகதி அடுத்த தை மாதத்துக்குத்தான்.
சமைப்பது இப்போது அவள். அந்தக் காலோடு அடுப்படியில் நின்று, பாலைத் தானே அளந்து விடுகிறாள். இன்று, உட்கார்ந்து சமைக்கட்டும் என்று கதிரையைக் கொண்டுபோய் அவளுக்குப் பின்னால் வைத்தேன். திரும்பிப் பார்த்தாள்.
அதில் இருக்கவில்லை.