தொண்ணூற்றெட்டு

மாண்புமிகு மக்களவை உறுப்பினர் அவர்களுக்கு,

இப்படி எழுதினால்தான் கடிதத்தை முழுதாகப் படிப்பாயோ என்னவோ! போன கடிதத்துக்கு மூன்று வரிதான் பதில் போட்டாய். கோபமில்லை. புது நாட்டுக்குச் சட்டம் எழுதும் கைக்குத் தையல்காரப் புருஷனுக்கு எழுத நேரம் ஏது? அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள். காதை மூடிக்கொண்டு போ.

மகளுக்கு எட்டாம் மாதம் தொடங்கிவிட்டது. கால் லேசாக வீங்குகிறது. நீ இருந்தால் ஒரு பார்வையில் சொல்லிவிடுவாய். இருபது வருடம் இந்த ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கையில் வாங்கியவள். இப்போது வேறு மருத்துவச்சி இல்லை, ஆஸ்பத்திரிக்குப் படகில் அரை நாள் போக வேண்டும். போன வருடம் நீ தேர்தலுக்கு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் படகில்தான் பேரன் பிறந்தான். நாலு நாள் இருந்தான். உன்மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான்தான் படகுத்துறை வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

இனி உங்கள் மக்களவைச் சுகாதாரக் குழு அனுப்பிய படிவத்தின் கதை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நூறு பேர் இருந்தால் இந்த வருடமே சுகாதார நிலையம், குறைந்தால் இரண்டு வருடம் கழித்து. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து வீடு வீடாக எழுதி வாங்கினோம். கூட்டினால் நூற்றுப் பன்னிரண்டு! நாவிதர் விசிலே அடித்துவிட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பிரதி எடுக்கும்போதுதான் கவனித்தேன். பாத்திரக்கடைக்காரரின் மகன் குடும்பத்தோடு வெளிநாடு போய் மூன்று வருடமாகிறது. அவன் பிள்ளைகள் இரண்டும் பட்டியலில் இருந்தன. கொல்லர் வீட்டில் காய்ச்சலில் போன சின்னவளும் இருந்தாள். யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. பிறந்தது முதல் எங்களை ஏன் என்று கேட்காத அரசாங்கம், முதல் தடவையாக நீங்கள் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறது. எந்தப் பிள்ளையையும் விட்டுவிட ஒருவருக்கும் மனம் வரவில்லை. பட்டியலில் நம் வீட்டுப் பெயருக்கு எதிரே மகள் ‘ஒன்று’ என்று எழுதியிருந்தாள்.

எத்தனையோ துணி வெட்டியவன் நான். அந்த ஒன்றை அடிக்க முடியவில்லை. மறுநாள் அவளிடமே சொன்னேன். அப்பா, அவன் பொறந்தானா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க என்று கேட்டாள். பிறந்தான், என் மடியில்தானே கிடந்தான் என்றேன். நெஞ்சை விரித்துக்கொண்டு அளவு கொடுத்தால் சட்டை தொளதொளவென்றுதான் வரும், அந்தத் துணியில் இன்னொரு ஊர்ப் பிள்ளைக்குச் சட்டை தைத்திருக்கலாம் என்றும் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அனுப்பும் முன் ஊர் கூட்டிப் பட்டியலை வாசிக்க வேண்டும் என்பது நீங்கள் போட்ட விதி. வாசிக்கத் தொடங்கியதுமே மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எங்க வீட்ல அடிச்சிடுங்க, அவன் இப்ப இல்ல என்றாள். பிறகு கொல்லர் எழுந்தார். பாத்திரக்கடைக்காரர் எழுந்தார். ஒவ்வொருவராக எழுந்து, கடைசியில் நின்றது தொண்ணூற்றெட்டு. இவ வயித்துல இருக்கறதோட தொண்ணூத்தொம்பது, மீதி ஒண்ணுக்கு நானே தவழ்றேன் என்றார் நாவிதர். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தோம். தொண்ணூற்றெட்டு என்றே தபாலில் சேர்த்தேன்.

உங்க வீட்டம்மா அந்தக் குழுவுலதானே இருக்காங்க, ஒரு வார்த்தை எழுதுங்களேன் என்று நாலைந்து பேர் கடைக்கு வந்தார்கள். தெரிந்தவர் வாய்வார்த்தையில் காரியம் நடக்கிற காலம் போக வேண்டும் என்றுதானே வீடு வீடாக ஏறி இறங்கி அவளுக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். ஆகவே அந்த ஒரு வார்த்தையை நான் எழுதவில்லை.

இந்த வருடம் நிலையம் பெறும் ஊர்களின் பட்டியலுக்கு அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி வாக்கெடுப்பு என்று பேப்பரில் பார்த்தேன். நம் ஊர் இல்லாத பட்டியலுக்குத்தான் நீ கை தூக்க வேண்டும். தயங்காமல் தூக்கு. அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிடு. மகளுக்கு அதற்கடுத்த வாரம்தான் நாள்.

நிலையத்துக்கு நாங்கள் இரண்டு வருடம் காத்திருப்போம், மகளால் காத்திருக்க முடியாது. உன் கைகளை நாட்டுக்குக் கொடுத்ததில் எனக்குப் பெருமைதான். ஒரே ஒரு வாரம் எங்களுக்குக் கடன் கொடு. நீயும் உன் நாடும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். இம்முறை எங்களைப் படகில் ஏற்றிவிடாதே.

நீ வைத்த பட்டப்பெயரோடு,
உன் ஊசி