பத்தால் வகுத்த கடிதம்

கொரட்டூர்
12.5.1992

மஸ்கட் மாநகரின் ஊசி மகாராணி, என் அக்காள் பெற்ற ஹில்டாவுக்கு, மாமா இக்னேஷியஸ் ஆசீர்வதித்து எழுதுவது.

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று அந்தோணியார் மேல் சத்தியம் செய்து தொடங்குகிறேன். உன் அம்மா பழக்கிவிட்டபடி, என் எண்களையெல்லாம் பத்தால் வகுத்துத்தான் நீயும் படிப்பாய். படி.

போன வாரம் ஏரிக்கொசு ஒன்று உன் அத்தையின் ஈரப்புடவையைக் கொடியோடு தூக்கிக்கொண்டு போனது. ஐம்பது பேர் துரத்தினோம். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பட்டறையில் நான் பிரஸ் மிஷினில் மணிக்குப் பத்தாயிரம் வாஷர் அடிக்கிறேன். நான் டீ குடிக்கப் போனால் மிஷின் அழுகிறது.

பட்டறையில் எனக்கு அரச மரியாதை. இருநூற்று நாற்பது நாள் தொடர்ந்து வேலை செய்தவன் நிரந்தரம் கேட்பான் அல்லவா? அதனால் இருநூற்று முப்பதாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பி, அடுத்த வாரம் வேறு பெயரில் சேர்ப்பார்கள். அருள்தாஸாக இருந்தேன், தேவராஜாக இருந்தேன். இத்தனை பட்டப்பெயர் எந்தச் சக்கரவர்த்திக்கு உண்டு? இந்த முறை முதலாளியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பிப்ரவரியிலிருந்து நவம்பர் பாதிவரை ஒரு நாள்கூட விடாமல் வந்தால் சொந்தப் பெயரில் நிரந்தரம், கையில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி அட்டை.

இன்னொரு செய்தி. பத்து மாசமாக எனக்கு மூலம். காலையில் போகிற ரத்தத்தில் கொரட்டூர் ஏரி சிவந்து, மீன்களெல்லாம் திருமுல்லைவாயிலுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. கவலைப்படாதே. உன் அத்தை ஞானகுமாரி மோர் கொடுக்கிறாள்.

இப்படிக்கு,
இக்னேஷியஸ் என்கிற அருள்தாஸ் என்கிற தேவராஜ்


மஸ்கட்
2.6.1992

அன்புள்ள மாமாவுக்கு, ஹில்டா எழுதிக்கொள்வது. நான் நலம். அத்தையின் புடவை திரும்பி வந்ததா?

உங்கள் கடிதத்தை வார்டில் சத்தமாகப் படித்தேன். கேரளத்துப் பெண்கள் ஒன்றும் புரியாமலே சிரித்தார்கள். வகுத்துப் பார்த்துவிட்டேன். துரத்தியது ஐந்து பேர், வாஷர் ஆயிரம், மூலம் ஒரு மாசம். ஒரு மாசத்து மூலத்துக்கு மோர் மட்டும் போதாது. ஆவடிக்கு வரும் சிஸ்டர் ஒருத்தியிடம் களிம்பும் சத்து மாத்திரையும் கொடுத்தனுப்புகிறேன். கீரை சாப்பிடுங்கள், காரத்தைக் குறையுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் எனக்கு லீவு. டிசம்பரில் வருகிறேன். அதற்குள் குணமாகவில்லை என்றால் நானே கையைப் பிடித்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுகிறேன். அதுவரை நல்ல பிள்ளையாக இருங்கள். அத்தைக்கு முத்தம்.

உங்கள்
ஹில்டா


கொரட்டூர்
20.8.1992

அருமை மருமகளுக்கு,

உன் களிம்பு தெய்வீகக் களிம்பு. மீந்ததை மிஷினுக்குத் தடவினேன், அது பாட்டுப் பாடுகிறது.

அண்ணனூர் ஜானகிராமனை உனக்குத் தெரியும். எஸ்டேட்டில் பெரிய கம்பெனியில் நிரந்தர உத்தியோகம். அவனும் நானும் இருபது வருஷமாக ஒரே டீக்கடை, ஒரே பட்டாணி சுண்டல். அவனுக்கும் என்னைப் போலவே ரத்தம் போயிருக்கிறது. எட்டாம் நாள் அட்டையை நீட்டிவிட்டான். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, மூலம் இல்லை, பெருங்குடலில் கட்டி என்று வெட்டி எடுத்துவிட்டார்கள். பால், ரொட்டி, முட்டையோடு ராஜ வைத்தியம். படுத்திருந்த நாளுக்கெல்லாம் வீட்டுக்குப் பணம் போனது. இப்போது சைக்கிளில் வருகிறான், என்னைவிடச் சிவப்பாக.

டீக்கடையில் என்னைப் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டான். "இன்னா மச்சான், இப்டி எளச்சிகினே போற? எனுக்கு வந்ததுதான் உனுக்கும் வந்துகீது. நாளைக்கே வந்து காட்டு."

"உன் அட்டைக்கு என் வயித்தக் காட்டுனா ஒத்துக்குமாடா?" என்றேன். அவன் சுண்டலைக் கீழே வைத்துவிட்டான்.

பெரியாஸ்பத்திரியில் இலவசம்தான், எனக்கும் தெரியும். சீட்டு வாங்க ஒரு நாள், சோதனைக்கு ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சீட்டு கொடுப்பதில்லை. மூன்று நாள் விட்டால் நான் மறுபடியும் தேவராஜ். இன்றைக்கு நூற்று அறுபத்தெட்டாம் நாள். அட்டை வந்ததும் சக்கரவர்த்தி பல்லக்கில் போய்க் காட்டுவார்.

இதை ஜானகிராமனிடம் கேட்டு உறுதிசெய்யாதே. அவன் மிகைப்படுத்துவான்.

மாமா


மஸ்கட்
18.10.1992

மாமாவுக்கு,

அத்தை எழுதியிருக்கிறாள். பேண்ட் நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டு போகிறீர்களாம். ஸ்டேஷன் படிக்கட்டில் இரண்டு தடவை உட்கார்ந்து ஏறுகிறீர்களாம். அத்தைக்குப் பொய் சொல்ல வராது. அவள் எழுதியதை எதால் வகுப்பது?

மாமா, நாளைக்கே போங்கள். நிரந்தரம் கிடக்கட்டும். லீவை முன்னால் கேட்டுப் பார்த்தேன், ஒப்பந்தத்தைக் காட்டுகிறார்கள். என் சம்பளம் முழுவதும் அனுப்புகிறேன், தனியார் டாக்டரிடமாவது காட்டுங்கள். மூலம் என்று களிம்பு கொடுத்தனுப்பிய கையை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை.

இந்த ஒரு தடவை மட்டும் கதை இல்லாமல் பதில் எழுதுங்கள். உண்மையில் எத்தனை மாசமாக ரத்தம் போகிறது?

ஹில்டா


கொரட்டூர்
9.1.1993

ஹில்டாக் கண்ணு,

இதை உன் பெட்டியில் புடவைக்கு அடியில் வைக்கச் சொல்லி அத்தையிடம் கொடுத்திருக்கிறேன். மஸ்கட் போனபிறகு படிப்பாய். அக்டோபரில் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. நீ அனுப்பிய பணத்தையும் தொடவில்லை. அப்போது இருநூற்றுப் பதினெட்டாம் நாள். இருபத்திரண்டு நாளுக்காக யாராவது பல்லக்கிலிருந்து குதிப்பார்களா என்று நினைத்தேன்.

முதலாளி சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். டிசம்பரில் அட்டை வந்தது. இக்னேஷியஸ் என்று அச்சடித்து, என் போட்டோ ஒட்டி, பக்கத்தில் ஞானகுமாரி முறைத்துக்கொண்டு. அன்றைக்கு அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன். மறுநாளே காட்டினேன். அட்டை மேல் ஒரு குறையும் இல்லை. உடனே படுக்கை, உடனே ஆபரேஷன், பால், ரொட்டி, முட்டை. ஜானகிராமன் தின்ற அதே முட்டை.

எத்தனை மாசம் என்று டாக்டர் கேட்டார். பதினேழு என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். என் வாயிலிருந்து வந்த எண்ணை வகுக்காமல் எழுதிக்கொண்ட முதல் மனிதர் அவர்தான். வயிற்றைத் திறந்து பார்த்ததில் கல்லீரலுக்கும் போய்விட்டது, இனி வெட்ட முடியாது என்று உன்னிடம் அவர் இங்கிலீஷில் சொன்னார். பாவம், அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் வரும்.

நேற்று ஜானகிராமன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். உரித்து உரித்துக் கொடுத்துவிட்டு, போகும்போது என் சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்துவிட்டுப் போனான். யார் ஓட்டப்போகிறார்களோ.

நீ வந்த அன்றைக்கே படுக்கையில் தொங்கிய தாளைப் படித்தாய். பதினேழு என்ற இடத்தில் உன் விரல் நின்றது. விரலை மடக்கி மடக்கி மே மாசத்துக்கு வந்தாய். அதற்குப் பிறகு மூன்று வாரமாக என்னைக் குளிப்பாட்டினாய், சோறு ஊட்டினாய், என் பொய்களுக்கெல்லாம் சிரித்தாய். அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கணக்கை நீ மஸ்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ வகுத்தது தப்பில்லை. நீ வகுப்பாய் என்று தெரிந்துதான் கொசுவுக்கும் மீனுக்கும் நடுவில் அதை ஒளித்து வைத்தேன். கண்டுபிடித்தால் நீ என்னை வேலைக்குப் போகவிடமாட்டாய் என்று பயம். எழுதாமலே விட்டிருக்கலாம். எப்படியாவது கண்டுபிடித்துவிட மாட்டாளா என்று ஒரு மூலையில் ஆசையும் இருந்ததோ என்னவோ, எழுதிவிட்டேன்.

கொசு பொய். மீன்கள் பொய், ஒன்றுகூடக் குடிபெயரவில்லை. மிஷின் அழுததும் பொய். அந்தக் கடிதத்தில் பத்து மாசம் என்ற ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம்.

உன் மாமா,
இக்னேஷியஸ்