கண்வாகு

விஷ்ராந்த்வாடி, புனே
3.2.2025

அன்புள்ள ப்ரியா,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். டாக்டர் கிருஷ்ணப்ரியாவுக்கு என்ன குறை! என் கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வலது கண்ணுக்கு நீ கண்புரை ஆபரேஷன் செய்து மூன்று வாரம் ஆகிறது. தூரமும் தெரியவில்லை, கிட்டத்திலும் தெரியவில்லை. இடது கண்ணில் புரை அப்படியே இருக்கிறது. போனில் வருவதையெல்லாம் என் வீட்டுக்காரர்தான் படித்துச் சொல்கிறார். அதனால்தான் இந்தக் காகிதம்.

போன வாரம் அவரிடம் என்ன சொன்னாய்? "சில பேருக்குக் கண்வாகு அப்படிங்க, செட் ஆக நாளாகும்." அவருக்கு அது சமாதானமாகவில்லை. பதினைந்தாம் தேதி வேறு டாக்டரிடம் கூட்டிப்போகிறார். அங்கே கருவியில் முகத்தை வைத்தவுடனே பழைய லேசர் தெரிந்துவிடாதா?

உனக்கு நினைவிருக்கிறதா? 2003, என் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு. கண்ணாடி போட்ட பெண் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் தரகரிடம் சொல்லியிருந்தார்கள். எனக்கோ மைனஸ் ஏழு. பெண் பார்க்க வந்த அன்று கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, மாப்பிள்ளை யார், அவருடைய மாமா யார் என்று தெரியாமல் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தேன். அப்புறம் சிநேகிதியைப் பார்க்கப் போகிறேன் என்று கோயம்புத்தூரிலிருந்து உன்னிடம் ஓடி வந்தேன். நீ அப்போதுதான் இங்கே பயிற்சி முடித்திருந்தாய். ஃபைலில்கூட என் பெயர் வேண்டாமென்று ரீனா என்று எழுதவைத்தேன். உன் கையாலேயே லேசர் செய்தாய்.

இந்த ஆபரேஷனுக்கு வந்தபோது உன் கவுண்டரில் இருந்த பெண், முன்பு கண்ணில் ஆபரேஷன் ஏதாவது உண்டா என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன் அவர் முந்திக்கொண்டு, இவள் கண்ணாடியே போட்டதில்லை என்று பெருமையாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். உனக்குத்தான் தெரியுமே என்ற தைரியம்.

அவரிடம் சொல்லிவிடாதே, ப்ரியா. பதிலை நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்துக்கு அனுப்பு. பெரிய எழுத்தில் எழுது.

உன்
சியாமி


கேம்ப், புனே
7.2.2025

என் சியாமிக்கு,

மறந்துவிட்டேன். இதைத் தவிர வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லாதே என்றாய். அதை அவ்வளவு பத்திரமாக வைத்ததில், கடைசியில் நானே எடுத்துப் பார்க்க மறந்துவிட்டேன்.

லேசர் கருவிழியின் நடுப்பகுதியைத் தட்டையாக்கும். புரையை எடுத்துவிட்டு உள்ளே வைக்கும் லென்ஸுக்குப் பவர் கணக்கிடும் கருவிக்கு அது தெரியாது, நாம்தான் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பவர் குறைவான லென்ஸைக் காட்டும். அதைத்தான் உனக்கு வைத்தேன். உன் கருவிழி வரைபடத்தில் அந்தத் தட்டை பளிச்சென்று தெரிகிறது. அன்று அதைப் பார்க்கவில்லை, பதினான்கு ஆபரேஷன். படிவத்தில் 'இல்லை' என்று இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்தத் தவறைச் செய்யக்கூடாது என்று மற்ற டாக்டர்களுக்கு மேடையேறிப் பாடம் எடுப்பவள் நான்.

அதைவிட மோசமானது இன்னொன்று. போன வாரம் உன் வீட்டுக்காரர் பாலச்சந்திரன், "இவ கண்ணாடியே போட்டதில்லீங்களே" என்று சொன்னாரே, அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கண்வாகு என்றேன். உன் ரகசியத்தைக் காப்பாற்றத்தான் என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என் பெயரைத்தான் காப்பாற்றினேன். பழியை உன் கண் மேல் போட்டேன். வெட்கமாக இருக்கிறது, சியாமி.

லென்ஸை மாற்றலாம், இந்த மாதத்துக்குள் மாற்றுவது நல்லது. தவறான லென்ஸ் வைத்துவிட்டேன் என்று மட்டும் அவரிடம் சொல்கிறேன். லேசர் பேச்சே வராது.

உன் மகள் ராஜஸ்ரீக்குக் கண்ணாடிப் பவர் ஏறிக்கொண்டே போகிறது என்று வருத்தப்பட்டார். அது உன்னிடமிருந்து வந்தது. அவளைத் திட்டவேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

உன்
ப்ரியா


விஷ்ராந்த்வாடி
13.2.2025

ப்ரியா,

பெரிய எழுத்தில் எழுது என்றேன். மருந்துச்சீட்டு எழுதும் அதே எறும்பு எழுத்தில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். என் கண்ணுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று இந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவள் நீ.

பள்ளியில் தமிழ் வாசிப்பவர் யாருமில்லை. அவரிடம் கொடுக்க முடியுமா? ராஜியிடம் கொடுத்தேன். பதினேழு வயதாகிறது, தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அவளுக்குப் புரிவதற்குள் நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டேன். "க-ரு-வி-ழி... கருவிழின்னா க்யா, அம்மா?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். "அது உன்னி-ட-மிருந்து வந்தது" என்ற இடத்தில் நின்றாள். பிறகு சத்தமில்லாமல் முதலிலிருந்து வாசித்தாள்.

அவளுக்கு மைனஸ் ஆறரை. ஏழு வயதில் கண்ணாடி போட்டதிலிருந்து, "போனப் பாத்துப் பாத்துக் கண்ணக் கெடுத்துக்கிட்டே. நம்ம ரெண்டு பக்கத்துலயும் யாருக்குக் கண்ணாடி இருக்குது?" என்று அவர் திட்டாத வாரமில்லை. நான் பக்கத்தில் நின்று சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருப்பேன். பத்து வருஷம் அப்படி நின்றேன். இப்போது நினைத்தால் உடம்பு குறுகுகிறது.

ராஜி அழவில்லை. தன் கண்ணாடியைக் கழற்றி என் முகத்தில் மாட்டினாள். "இது உங்களோடதுதானே, அம்மா" என்றாள். தெரிந்துகொண்டிருந்த கொஞ்சமும் மங்கிப்போனது. ஆனாலும் கழற்ற மனம் வரவில்லை.

அந்தக் கண்ணாடியோடேயே போய் அவரிடம் சொன்னேன். "இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார். அம்மாவுக்கும் ப்ரியாவுக்கும் என்றேன். "அப்ப எனக்குத்தான் தெரியல." அவ்வளவுதான். நேற்று ராஜியின் மேசைக்குப் போய், "அப்பா தெரியாமத் திட்டிட்டேன், கண்ணு" என்றார். என்னிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

பதினைந்தாம் தேதி பார்க்கப்போகிற டாக்டரே லென்ஸை மாற்றட்டும். உன் கை மேல் எனக்குப் பயமில்லை. ஆனால் உன்னைப் பார்க்க எனக்குக் கூசுகிறது. உனக்கும் அப்படித்தான் இருக்கும். நடந்ததை அந்த டாக்டருக்கு எழுதிக்கொடு. கண்வாகு என்று மட்டும் எழுதாதே.

சியாமளா


கேம்ப்
17.2.2025

சியாமளா,

பெரிய எழுத்தில் எழுதுகிறேன். பக்கத்துக்கு எட்டு வரிதான் வருகிறது.

அந்த டாக்டருக்கு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன்: பழைய லேசர், ரீனா என்ற பெயர், நான் பார்க்காத வரைபடம், நான் சொன்ன பொய். உன் வீட்டுக்காரருக்கும் ஒரு நகல். ராஜியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

கவுண்டரில் கேட்கும் அந்தக் கேள்வியை இப்போது நானே கேட்கிறேன், கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு. நேற்று ஒரு மராட்டிய அம்மா, கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "ஹோ", ஆமாம், என்று தலையாட்டினார்.

லென்ஸ் மாற்றும் அன்று நான் வரலாமா?

ப்ரியா


விஷ்ராந்த்வாடி
21.2.2025

ப்ரியா,

கடிதம் கிடைத்தது. கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நானே வாசித்தேன்.

28ஆம் தேதி, வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. அவரும் ராஜியும் வருகிறார்கள். படிவத்தை நான்தான் நிரப்பப்போகிறேன், அவர் பக்கத்தில் இருக்கும்போதே. 'ஆம்' என்ற கட்டம் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. நீ வந்து விரல் வைத்துக் காட்டு.

உன் சியாமி என்று கையெழுத்துப் போட இன்னும் மனம் வரவில்லை.

சியாமளா