மூன்று நாள் காய்ச்சல்

அன்புள்ள மைமூன் அக்கா,

வெள்ளிக்கிழமை கபருஸ்தானில் நீ அடங்கியிருக்கும் இடத்துக்கு வந்தால் ஸலாம் சொல்லி, ஓதிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். நின்று பேச எனக்கு வராது, உனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். உன் மகள் ஃபர்ஹானாவிடம் கேட்டுவிட்டேன். "என் பேரையே போடுங்க மாமா, ஒளிச்சு என்ன ஆச்சு?" என்றாள்.

அவளுக்கும் என் மகன் இர்ஃபானுக்கும் கல்யாணம் செய்வதாக ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன். நோன்புக்குப் பிறகு நிக்காஹ் என்று மண்டபம்கூடப் பேசியிருந்தது. அதை நிறுத்திவிட்டேன். காரணத்தை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

உனக்கு மாதம் ஒருமுறை வருமே காய்ச்சல், ஞாபகம் இருக்கிறதா? வயிறு கல்லாக இறுகிவிடும், மூச்சு இழுத்தால் வலிக்கும். அம்மா ஓதிய தண்ணீர் வாங்கி வருவார்கள். அத்தா தென்னூர் டாக்டரிடம் ஊசி போட்டுக் கூட்டி வருவார். பக்கத்து வீட்டில் கண்ணேறு கழிப்பார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் தானாக இறங்கும். அன்றைக்கு யார் கடைசியாகப் பார்த்தார்களோ அவர்களுக்கு நல்ல பெயர். அடுத்த தடவை அவரையே முதலில் கூப்பிடுவோம். ஒரு தடவை குடல்வால் என்று சொல்லி வயிற்றையும் கிழித்தார்கள். உள்ளே குடல்வால் நன்றாகத்தான் இருந்தது. தழும்புதான் மிச்சம்.

பிறகு கண் மங்கியது, கால் மரத்தது. மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் என்றார்கள். நரம்பின் மேலுறையை உடம்பே அரிக்கிற வியாதி. பழைய காய்ச்சலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நாமும் சொல்லவில்லை. அது வேறு கணக்கு என்று இருந்துவிட்டோம்.

மச்சான் குவைத்திலேயே இருப்பதால் ஃபர்ஹானா என்னிடம்தான் வளர்ந்தாள், தெரியுமே. இப்போது என் பாத்திரக் கடையில் பில் போடுவது அவள்தான். மாதத்தில் மூன்று நாள் வரமாட்டாள். "பொம்பளைப் பிள்ளை சமாச்சாரம், கேக்காதீங்க" என்று என் வீட்டுக்காரி வாயை அடைத்துவிடுவாள். ஒருநாள் லீவு முடிந்து வந்தவள், ஒரு குண்டானைத் தூக்கும்போது விலாவைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"காய்ச்சலா?"

"இல்ல மாமா."

"பொய் சொல்லாத. உங்கம்மாவும் இப்படித்தான் 'இல்ல'ன்னு சொல்லும்."

"கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்" என்றாள்.

மறுநாளே பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். உன் கதை முழுவதையும் கேட்டார். ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பினார். வந்த பெயர் மத்தியதரைக் கடல் குடும்பக் காய்ச்சல்.

"காவிரிக்கரையில இருக்கோம், எங்களுக்கு எதுக்கும்மா கடல் காய்ச்சல்?" என்றேன்.

"அந்தப் பக்கம் அதிகம், அதனால அந்தப் பேரு சார். இங்கேயும் வரும். அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் வந்தாத்தான் பெரும்பாலும் வெளிப்படும். சொந்தத்துலயே பண்றீங்களோல்லியோ?"

நீ கட்டியதும் அத்தை மகனைத்தான். தலையை ஆட்டினேன்.

"எங்க அக்காவுக்குக் கால் போனதும் இதனாலதானா?"

"அது தெரியாது. இந்தக் காய்ச்சல் இருக்கிற சிலருக்கு அந்த நரம்பு வியாதியும் சேர்ந்து வந்ததா டாக்டர்கள் எழுதியிருக்கா. ரெண்டுலயும் உடம்போட காவல் உடம்பையே அடிக்கறது. ஆனா ஒண்ணுதான் இன்னொண்ணைக் கொண்டுவந்ததுன்னு யாரும் நிரூபிக்கலை."

"இவளுக்கும் வருமா?"

"வரும்னு பயமுறுத்த மாட்டேன். வராதுன்னு கையெழுத்தும் போட மாட்டேன். காய்ச்சலுக்கு மாத்திரை இருக்கு, தினம் சாப்பிடணும்."

மூட்டுவலிக்குக் கொடுக்கிற பழைய மாத்திரைதானாம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே கடையில் கிடைத்ததாம். இதை எழுதும்போது எனக்குக் கோபம் யார்மேல் என்று தெரியவில்லை.

இர்ஃபானுக்கும் பார்க்கச் சொன்னேன். அவனிடமும் அந்தக் கோளாறு ஒரு பங்கு இருக்கிறது, காய்ச்சல்தான் வந்ததில்லை. நம் அத்தா வழியோ, அம்மா வழியோ. இவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தக் காய்ச்சல் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் டாக்டரம்மா. இர்ஃபான், "பரவாயில்லத்தா, மாத்திரைதான் இருக்கே" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் உன்னைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தவன் நான், அவன் இல்லை. நிறுத்திவிட்டேன். இன்றுவரை என்னோடு அவன் சரியாகப் பேசுவதில்லை.

ஃபர்ஹானா அழவில்லை. சண்டை போட்டாள்.

"இனிமே வர்ற மாப்பிள்ளை வீட்டுல எல்லாம் சொல்லுவீங்களா?"

"முதல் பேச்சுலயே சொல்லுவேன்."

"நான் என்ன உங்க கடைக் குண்டானா, நசுங்கலைக் காட்டி விக்கறதுக்கு?"

"குண்டான்னா மாத்திக் குடுத்துருவேன். உன்னைத் திருப்பிக் கொண்டாந்து விட்டா எனக்குத் தாங்காது."

"நான் கல்யாணமே வேணாம்னா?"

"கடையில உக்காரு. எனக்கு என்ன நஷ்டம்?"

சிரித்துவிட்டாள். ஆனால் அன்று மாலை இர்ஃபானுக்கு டீ கொண்டுபோய் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பியதையும் பார்த்தேன். நான் செய்தது சரிதானா, அக்கா? நீயாக இருந்தால் பாதிக்குப் பாதி என்றதும் என்ன சொல்லியிருப்பாய்? நீ தைரியசாலி. 'சரி' என்றுகூடச் சொல்லியிருப்பாய்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு இந்த மாதம் அவள் லீவு எடுக்கவில்லை. ஒரு மாதத்தை வைத்து நான் முடிவு கட்டமாட்டேன்.

உனக்குக் கொடுத்த வாக்கை உடைத்தவன் இன்னொன்று தருகிறேன், வாங்கிக்கொள். என்றைக்காவது அவள் கண் மங்குகிறது, கால் மரக்கிறது என்று சொன்னால், பெருநாள் வியாபாரமாக இருந்தாலும் ஷட்டரை இழுத்துவிட்டு அந்த நிமிஷமே கூட்டிப் போவேன். அவள் எந்த வீட்டு மருமகளாக இருந்தாலும் சரி, எவனும் என்னைத் தடுக்க முடியாது.

உனக்குச் சம்பந்தியாக முடியாமல் போன தம்பி,
ஃபர்ஹானாவின் மாமா,
ஜமால்