தலையணை தட்டும் சத்தம்

மார்ச் 4

காலையிலிருந்து சாயங்காலம் வரை அடித்துக்கொண்டே இருந்தேன். சீரியலில் மருமகளுக்குக் கன்னத்தில், வில்லனுக்கு முதுகில், பெயரில்லாத அடியாள் ஒருவனுக்கு விலாவில். மடித்த பெல்ட்டைச் சுண்டி இழுத்தால் அறை. ஈரத் துண்டைச் சுருட்டித் தோல் சோபாவில் போட்டால் குத்து. முட்டைக்கோஸ் தண்டை முறுக்கினால் எலும்பு. படத்துக்கும் சீரியலுக்கும் சத்தம் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஸ்டூடியோவில் எனக்கு 'டமார்' என்றுதான் பேர்.

இந்த ஊரில் என்னைவிட அதிகம் பேரை அடித்தவன் இருக்க முடியாது. ஆனால் அப்பாவுக்கு ஒரு கொசுவை உருப்படியாக அடிக்கத் தெரியாது என்று பாப்பா கிண்டல் செய்வாள். கல்யாணமாகித் தனிக் குடித்தனம் போய்விட்ட மகள். எனக்கு இன்னும் பாப்பா என்றுதான் வாயில் வருகிறது.

மார்ச் 9

பாப்பா வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டார். டிவியில் நம்ம சீரியல். "உங்க வேலையை நல்லா கேக்கணும் மாமா" என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் வேலையை இத்தனை மதிக்கும் மாப்பிள்ளை யாருக்கு வாய்ப்பார்?

"ஒரு நிமிஷம்" என்று உள்ளே போனார். சீரியல் சத்தத்துக்கு அடியில் உள்ளறையிலிருந்து பொத் பொத்தென்று ஏதோ கேட்டது. காது சும்மா இருக்குமா. பாப்பா டீ கொண்டு வந்தபோது கேட்டேன்.

"தலையணை தட்டினேன்பா. ஒரே தூசி."

டம்ளரை இடது கையால் கொடுத்தாள். பெரியவர்களுக்கு வலது கையால் கொடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 15

புதுப் படம். டைரக்டர் சின்ன வயசுப் பெண். கதை மொத்தமும் ஒரு வீட்டுக்குள்ளேயே நடக்கிறது, புருஷன் பெண்டாட்டியை அடிக்கிறான். எனக்கு அத்துபடியான சமாச்சாரம். அடி பெரிதில்லை, அதற்கு முன்னால் இருப்பதுதான் பெரிது. குழாய்ச் சொட்டை எடுத்துவிட வேண்டும். அடுத்து ஃபேன். அடுத்து தெருவில் போகும் வண்டி. ஒவ்வொன்றாக உருவ உருவ, தியேட்டரில் ஜனம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அப்போது பளீரென்று ஒன்று வைத்தால் ஆள் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவான்.

அப்படித்தான் செய்து கொடுத்தேன். அந்தப் பெண் முகத்தில் ஈயாடவில்லை.

"சார், ரொம்ப நல்லா இருக்கு. அதான் பிரச்சினை. இந்த அறை விழுந்ததும் எனக்கே 'அப்பாடா, முடிஞ்சுது'ன்னு இருக்கு. நீங்க கட்டின டென்ஷனை நீங்களே அவுத்து விட்டுடறீங்க."

"அடின்னா அப்படித்தாம்மா."

"அந்த வீட்ல இருக்கறவளுக்கு அது முடியறதே இல்லையே சார். நிஜ அடி எப்படிக் கேக்கும்?"

மார்ச் 16

எனக்கு அடி சொல்லித் தர வந்துவிட்டாள். நேற்று முளைத்தது.

மார்ச் 21

தூங்க விடாமல் டைரக்டர் பெண்ணின் அந்தக் கேள்வி குடைந்துகொண்டிருந்தது. இன்று ஸ்டூடியோவில் மைக் முன்னால் நின்று, ரெக்கார்டிங் எஞ்சினியரைக் கூப்பிட்டேன். கண்ணாடி என்று கூப்பிடுவோம், சாது.

"என்னை ஒரு அறை அறைடா."

"விளையாடாதீங்கண்ணே."

"நிஜமாவே அறை. உன் சம்பளத்தை நான்தான் இழுத்தடிச்சேன்னு நினைச்சுக்கோ."

அறைந்தான். சாதுவுக்குள் அத்தனை பலம் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. காது அடைத்துவிட்டது. உதட்டில் உப்புக் கரித்தது. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு போடச் சொன்னேன்.

பொத்.

பளீர் இல்லை, சுள்ளென்றும் இல்லை. மொண்ணையாக, தூசி தட்டுகிற மாதிரி—

தலையணை.

மறுபடி போடச் சொன்னேன். மறுபடி. "போதும்ணே, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றான் கண்ணாடி. அடிக்கடி பேசும் பாப்பா இப்போதெல்லாம் ஏன் மெசேஜோடு நிறுத்திக்கொள்கிறாள்? இடது கை. டிவி.

டிவியை எனக்காகவா கூட்டினான்?

மார்ச் 22

வலது கையில் கட்டு. இடது கையால் எழுதுகிறேன், கோழி கிறுக்கின மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். மாடிப்படி ஏறும்போதே அவர்கள் வீட்டு டிவி கேட்டது. சீரியல் மறுஒளிபரப்பு. நான் போட்ட அறை, நான் போட்ட கண்ணாடி உடையும் சத்தம். திடீரென்று அது இன்னும் கூடியது. காதைக் கதவில் வைத்தேன். அடியில், பொத். என் பெண்ணின் குரல் வரவேயில்லை. கத்தக்கூட இல்லை. கத்தாமல் இருக்க எத்தனை நாள் பழகியிருப்பாள் பாவி.

கதவை உடைக்கிற மாதிரி தட்டினேன். திறந்தான். சிரித்தான். "வாங்க மாமா, சொல்லியிருந்தா..."

அவன் தோளுக்குப் பின்னால் அவள் சுவரோரம் உட்கார்ந்து துணியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். துணி சிவப்பு. முதலில் துணியே சிவப்பு என்றுதான் நினைத்தேன்.

அடிச்சேன். ஆமா, அடிச்சேன். வாழ்க்கையில முதல் தடவையா மனுஷனை. மூக்குக்குத்தான் குறி வெச்சேன், தாடையில பட்டுது, என் விரல் முறிஞ்சது எனக்கே கேட்டுது. முட்டைக்கோஸ் மாதிரி இல்லவே இல்ல. அவன் என் கழுத்தைப் புடிச்சு கதவு நிலையில மோதினான். மறுபடி மோதினான். பல்லு ஒண்ணு வாய்க்குள்ளயே உருண்டுது. கீழ விழுந்தேன், விலாவுல உதைச்சான், மாமா மாமான்னு மரியாதையா சொல்லிக்கிட்டே உதைச்சான். "எங்க வீட்டு விஷயத்துல தலையிடாதீங்க மாமா." உதை. டிவி அது பாட்டுக்குக் கத்திக்கிட்டு இருந்துது.

அப்புறம் டிவி நின்றது.

பாப்பாதான் நிறுத்தினாள். ஒரு சத்தம் இல்லை. ஃபேன் மட்டும். அவன் கால் அந்தரத்தில் நின்றது. நான் ஆயுசு முழுக்க எத்தனையோ மௌனம் செய்திருக்கிறேன். இப்படி ஒன்றைச் செய்ததில்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்தது, மேல்வீட்டுக் கதவு திறந்தது. டிவி இருந்தவரை வராதவர்கள்.

அவள் கைப்பையை எடுத்தாள். அவனைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"வாங்கப்பா, போலாம்."

மார்ச் 23

பாப்பாவின் வலது மணிக்கட்டு போன மாதமே விரிசல் விட்டிருக்கிறது என்றார் டாக்டர். அந்தக் கையால் டம்ளரைக் கொடு என்று நான் சொல்லியிருக்கிறேன்.

போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தோம். சாட்சி சொல்ல எதிர்வீட்டம்மாவும் வந்தார். அழுதார். "தினமும் கேக்கும் அண்ணே. சீரியலைச் சத்தமா வைக்கறாங்கன்னு நினைச்சோம்."

திட்ட வாயெடுத்தேன். என்ன முகத்தை வைத்துக்கொண்டு திட்டுவது? உள்ளே உட்கார்ந்து டீ குடித்தவன் நான்.

ஏப்ரல் 2

சமைத்துக்கொண்டே செய்தி கேட்கலாம் என்று டிவியைக் கொஞ்சம் கூட்டினேன். அவ்வளவுதான். பாப்பா கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இடுக்கில் போய்ப் பதுங்கிவிட்டாள். தலைமேல் இரண்டு கையும். டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

கையை இறக்கிவிட்டுச் சொன்னாள். "அடிகூடப் பரவால்லப்பா. ரிமோட்டைக் கையில எடுப்பாரு. எடுத்துட்டுச் சும்மா வெச்சுக்கிட்டு இருப்பாரு. சில நாள் ஒண்ணுமே பண்ண மாட்டாரு."

ரிமோட்டை அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

அவனைக் கொல்ல வேண்டும். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஏப்ரல் 19

டைரக்டர் பெண்ணின் படத்தை முடித்துக் கொடுத்தேன். இந்தத் தடவை எதையும் உருவவில்லை. குழாய் சொட்டுகிறது, ஃபேன் ஓடுகிறது, நடுவில் பொத் என்று கண்ணாடி என்னை அறைந்த சத்தம், அதற்குப் பிறகும் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பெண் பார்த்துவிட்டு வெளியே எழுந்து போய்விட்டாள். திரும்பி வந்து, "இதை எங்கேர்ந்து சார் புடிச்சீங்க?" என்றாள்.

ஹெட்ஃபோனைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

மே 11

அவனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது, ஜெயிலிலிருந்து வந்துவிட்டான். தெருவில் எந்த பைக் நின்றாலும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுகிறோம். கதவுக்குப் பின்னால் கட்டை வைத்திருக்கிறேன். பாப்பா அதைப் பார்த்துவிட்டு, "அதையாவது உங்களுக்குப் புடிக்கத் தெரியுமாப்பா?" என்றாள். வந்ததிலிருந்து முதல் கிண்டல்.

மே 12

இன்னொரு பூட்டு போட்டாயிற்று.

ஜூலை 7

விவாகரத்து கேஸில் முதல் வாய்தா. கோர்ட்டில் அவன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தான், கையில் செல்ஃபோனை உருட்டியபடி. பாப்பாவின் கண் அந்தக் கையிலேயே இருந்தது. பிறகு எடுத்துவிட்டாள். ஜட்ஜ் கேட்டதற்கெல்லாம் சத்தமாகவே பதில் சொன்னாள்.

ஆகஸ்ட் 17

ஞாயிறு. பாப்பா அலமாரியில் ஏதோ தேடினவள் ரிமோட்டோடு வந்து நின்றாள். டிவியைப் போட்டாள். ஏதோ பழைய காமெடிப் படம். மேல்வீட்டில் துணி துவைக்கிற இரைச்சலில் வசனமே கேட்கவில்லை.

ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். ஃபேன் ஓடியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், தியேட்டருக்கு டிக்கெட் வாங்கி வந்தவன் மாதிரி.

"ஒண்ணுமே கேக்கலப்பா" என்று சத்தத்தைக் கூட்டினாள்.

விளம்பரம் வந்தபோதுதான் குறைத்தாள்.