கருப்பு மீனின் வெள்ளைப் புள்ளிகள்

பசுமலை,
18-7-1979

அன்பு மகள் அன்னக்கொடிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் குறையில்லாமல் இருக்கிறோம், பரோடாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் தாயி, மனசு நன்றாயில்லை, எதைப் பார்த்தாலும் சீ என்று வருகிறது. மீனுக்கு ஒன்றுமில்லை, தோல் பளபளவென்று சுத்தமாக இருக்கிறது, மருந்து எதுவும் போட வேண்டாம் என்று நீ எழுதிய கடிதம் திங்கட்கிழமை வந்தது. அன்றைக்குக் காலையில்தான் உன் தங்கமீன் இரண்டு வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. நானே கையால் எடுத்து முருங்கை மரத்தடியில் புதைத்தேன். சீயக்காய் போட்டுத் தேய்த்தும் விரலில் அந்த வாடை போகவில்லை, அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் மேல் தப்பில்லை. நீ பார்த்த படத்தின் மேல்தான் தப்பு.

உப்புத் தூவின மாதிரி வெள்ளையாக ஏதோ இருக்கிறது என்று நான் முதலில் எழுதினேன். பஞ்சு ஒட்டின மாதிரி என்று உன் அம்மா அதே கடிதத்தின் ஓரத்தில் எழுதினாள். வாட்ச் ரிப்பேர் கடை இஸ்மாயில் பாய் வந்து உற்றுப் பார்த்துவிட்டு ரவை என்றார். உப்பு மாதிரி என்றால் ஒரு வைத்தியம், பஞ்சு மாதிரி என்றால் வேறு வைத்தியம், மாற்றிச் செய்தால் எல்லாம் செத்துப்போகும், உங்கள் மூன்று பேர் கண்ணையும் நம்ப முடியாது, படம் எடுத்து அனுப்புங்கள், இங்கே மீன் துறையில் இருக்கிற அம்மாவிடம் காட்டிக் கேட்கிறேன் என்று நீ எழுதினாய். நியாயமான பேச்சு. நான் அனுப்பிய முதல் படத்தில் மீனே இல்லை, என் தொப்பையும் பனியனும்தான் தொட்டிக் கண்ணாடியில் தெரிந்தன. அதைப் பார்த்து நீ சிரித்திருப்பாய், எனக்கு என்னைப் பார்க்கவே சகிக்கவில்லை.

அதற்கப்புறம் எப்படி எடுக்க வேண்டும் என்று நீ இரண்டு பக்கம் எழுதினாயே, அதில் ஒன்று விடாமல் செய்தேன். தொட்டிக்குள் கண்ணாடியில் படிந்திருந்த பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்தேன், சளி மாதிரி கையில் வழிந்தது. வெளிப்பக்கத்தைப் பழைய பேப்பரால் துடைத்தேன். ஜன்னலைச் சாத்தி, தொட்டிக்கு மேலே மட்டும் நூறு வாட் பல்பைத் தொங்கவிட்டேன். என் உருவம் விழக்கூடாது என்று சபரிமலைக்குப் போட்ட கருப்புச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். தொட்டிக்குப் பின்னால் கருப்புத் துணி கட்டச் சொல்லியிருந்தாய், கட்டினால் உன் கருப்பு மீன் அதிலேயே கரைந்துபோய் இரண்டு முட்டைக் கண் மட்டும் நீந்தியது. அதனால் அம்மாவின் வெளுத்த நீலச் சேலையைக் கட்டினோம். ஒரு கண்ணாடித் துண்டைத் தொட்டிக்குள் இறக்கி, கருப்பை முன்பக்கத்து ஓரமாக ஒதுக்கினோம். கிட்டத்தில் விழுவதற்காகப் பாய் தன் பூதக்கண்ணாடியை கேமராவுக்கு முன்னால் பிடித்துக்கொண்டார், பல்பு வெளிச்சம் அடிக்காமல் நான் கொஞ்சம் சாய்வாக நின்றேன். ஃபேனையும் நிறுத்திவிட்டு வேர்வை ஒழுக ஒரு மணி நேரம் நின்றோம். அந்த மீன் ஒரு நிமிஷம் அசையாமல் நின்றதே, அப்போது அமுக்கினேன். பாய் கையைத் தட்டி, "சோணை அண்ணே, இம்புட்டு நல்லா நம்ம யாரு கல்யாணத்துலயும் எடுக்கலண்ணே" என்றார். அந்தப் பெருமையில் பிரிண்ட் கையில் வந்ததும் சரியாகப் பார்க்காமல் அப்படியே கவரில் போட்டு ஒட்டிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே திருப்பரங்குன்றம் போய், படத்தைக் கழுவி பிரிண்ட் போட்டுக் கொடுத்த ஸ்டுடியோ சுருளி முன்னால் நின்றேன். அவன் வாய் நிறைய வெற்றிலையோடு, பிரஷ் நுனியை நாக்கில் நக்கி நக்கிக் கூராக்கி, ஏதோ ஒரு பிள்ளையின் படத்தில் மை வைத்துக்கொண்டிருந்தான். எச்சில், மை, திரும்பவும் எச்சில். பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஏண்டா, மீன் மேலே இருந்த வெள்ளைப் புள்ளியெல்லாம் எங்கடா என்று கேட்டேன். அவன் கூசவே இல்லை. "அதாண்ணே, நெகட்டிவ்ல தூசி விழுந்துருச்சுன்னு நெனச்சேன். கருப்பு மேல வெள்ளை வெள்ளையா அம்புட்டு அசிங்கமா இருந்துச்சு. ஒண்ணொண்ணா மை வச்சு அடைக்க அரை நாளாச்சு" என்றான். மெனக்கெட்டு அழகு பண்ணினானாம். என் மகள் அந்த அசிங்கத்தைத்தானேடா பார்க்கக் கேட்டாள், உன் அழகால் இரண்டு உயிர் போயிருச்சேடா என்று கடை வாசலில் நாலு பேர் கூடுகிற அளவுக்குக் கத்தினேன்.

அவன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "அண்ணே, புள்ளி, தழும்பு எது இருந்தாலும் எடுத்துர்றதுதாண்ணே என் தொழிலு. நம்ம பாப்பா போட்டாவுல அம்மைத் தழும்பை எடுக்கச் சொல்லிப் பக்கத்துலயே நின்னது யாருண்ணே? ஒண்ணுகூடத் தெரியக்கூடாதுடான்னு நீங்கதானே சொன்னீங்க."

அன்னம், இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் உசிலம்பட்டியிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்களே, மாப்பிள்ளையின் அம்மா படத்தைப் பார்த்து, உன் முகத்தைப் பார்த்து, "போட்டாவுல இருக்குற பொண்ணைக் கூப்பிடுங்க" என்றாளே, அப்போது நான் எழுந்து என்ன சொன்னேன்? ஸ்டுடியோக்காரப் பயல் தானாகச் செய்த வேலை, எனக்குத் தெரியவே தெரியாது என்று அத்தனை பேர் முன்னால் சுருளியைத் திட்டினேன். பொய், தாயி. என்னிடம் கேட்டுத்தான் செய்தான். தழும்பு மறைய அவன் நெகட்டிவில் பென்சில் தீட்டத் தீட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்து, இங்கே ஒன்று விட்டுப்போச்சு, அங்கே ஒன்று என்று விரலால் காட்டினேன். பெற்ற மகளின் முகத்தைத் தூசி மாதிரி துடைக்கச் சொன்னவன் நான். அன்றைக்கு நீ அடுப்படியில் போய் நின்றதும், மறு மாசமே கண் காணாத ஊரில் வேலை தேடிக்கொண்டதும் எனக்குத் தெரியாமல் இல்லை. சுருளி எச்சிலைப் பார்த்து முகம் சுளித்தேனே, அவனைவிட நான்தான் கேவலம். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. என்னை மன்னிக்க முடிந்தால் மன்னித்துக்கொள்.

அவன் பெட்டியிலிருந்து உன் நெகட்டிவைத் தேடி எடுக்கச் சொன்னேன். டர்பன்டைனில் பஞ்சை நனைத்துத் துடைத்தான், பென்சில் எல்லாம் வந்துவிட்டது. அதையும் மீன் நெகட்டிவையும் என் கண் முன்னாலேயே பிரிண்ட் போட வைத்தேன். பிரஷ்ஷை என் சட்டைப் பையில் வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டு படத்தையும் இதோடு வைத்திருக்கிறேன்.

கருப்பு இன்னும் சாகவில்லை, தனியாக பிளாஸ்டிக் வாளியில் கிடக்கிறது, வாளிச் சுவரில் உடம்பை உரசி உரசி நீந்துகிறது. அந்த அம்மாவிடம் படத்தைக் காட்டி உடனே தந்தி கொடு. உப்பு என்றால் உப்பு, பஞ்சு என்றால் பஞ்சு, ஒரு வார்த்தை போதும், தந்திக்காரர் என்ன நினைத்தால் நமக்கென்ன. இன்னொரு விஷயம், நாகமலைப் புதுக்கோட்டையில் ஒரு இடம் வந்திருக்கிறது, பழைய படத்தையே கொடுக்கலாம் என்று உன் அம்மா நச்சரித்தாள். அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன், இரண்டு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. நீ சரியென்று எழுதினால் இந்தப் படம்தான் போகும், வேண்டாம் என்றால் எதுவும் போகாது.

மழையில் நனையாதே, பால் வாங்கிக் குடி. முருகன் உனக்குத் துணை இருப்பான், எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உண்டு. கவரைப் பார்த்துப் பிரி. இரண்டு படத்திலும் புள்ளியாகத் தெரிகிற எதையும் தூசி என்று துடைத்துவிடாதே.

உன் அப்பா,
சோணைமுத்து